தேவதூதனுக்கு நான் ஒட்டிய இறக்கைகள்

என் அருமை மகனே,

இதை எழுதுகிறவர் யார் என்று உனக்குத் தெரியும். உன்னைப் பெறாமலே பெற்றவர். பொன்னேரியிலிருந்து ஆந்திர எல்லை வரைக்கும் தகரக் கூரை போட்ட சபைகள் அத்தனையையும் ஒற்றை நாவினால் ஆண்டவர். கடவுள் செய்ததைச் சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் ஓடுகிற மின்விசிறியும் ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி சுற்றும் என்று பெயர் வாங்கியவர். அப்பேர்ப்பட்ட உன் சித்தப்பாவின் எண்ணை நீ போனில் பிளாக் செய்திருக்கிறாய். சக்கரவர்த்திகளுக்கு இந்த கதி இதற்கு முன் வந்ததில்லை. ஆகவே நம் சபையின் மாதப் பத்திரிகையில் எழுதுகிறேன். கல்யாணப் பிள்ளைக்குப் புத்திமதி எழுதித் தருகிறேன் என்று சொன்னதும் இரண்டு பக்கம் ஒதுக்கினார்கள். பாவம், என்ன வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இதை ஊரறிய எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் பொய் சொன்னது ஒலிபெருக்கியில். மன்னிப்பை மட்டும் உன் காதோடு கேட்டால் அது அயோக்கியத்தனம்.

போன மாதம் நீ வீட்டுக்கு வந்து நின்ற கோலத்தை எத்தனை ஜென்மம் எடுத்தாலும் மறக்க மாட்டேன். (ஜென்மம் நமக்கு ஒன்றுதான், தெரியும். வாய்ப் பழக்கம்.) தேர்வாய் கண்டிகையில் உன் கம்பெனி கேட்டில் இப்போது நிற்கிற வயதான செக்யூரிட்டி, இருபது வருஷத்துக்கு முன்னால் என் கம்பெனி கேட்டில் நின்றவர். அவர் உன் அப்பா பெயரைக் கேட்டு அடையாளம் கண்டு, பழைய கதையைச் சொல்லிவிட்டார். நீ செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "இன்னா சித்தப்பா, சாட்சில வருஷா வருஷம் சொல்லுவியே ஒரு தேவதூதன், அவன் பேரு இன்னா? கேன்டீன் எச்சிலா?" என்று கேட்டாய். பிறகு உன் அம்மாவிடம் திரும்பினாய். "இவுரு பொய் சொன்னாரு, சரி. நீயும் பக்கத்துல குந்திக்கினு ஆமென் சொன்னியேம்மா. எனக்கு எச்சில் போட்ட சாமி எனக்கு வேணாம். நான் நாய் இல்ல." அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு கம்பெனிப் பக்கம் அறை எடுத்துப் போனாய். கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில், பாதிரியார் இல்லை, ஜெபம் இல்லை, சித்தப்பா வரவே கூடாது என்று சொல்லி அனுப்பினாய். கடைசியாகச் சொன்னது நியாயம். மற்றதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்த ஒரு முறை அளவாகச் சொல்கிறேன், குடிகாரன் குடியை விட்ட மூன்றாம் நாள் மாதிரி இருக்கிறது. உன் அப்பா என் அண்ணன். இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலையில் வேலை. சிவக்கச் சிவக்க உருளையில் ஓடிவரும் கம்பி ஒரு நாள் தடம் மாறி வெளியே பாய்ந்தது. அவன் அங்கே நின்றான். நீ அப்போது நான்கு வயது முடியாதவன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன், எழுதினால் என் பேனா அந்தக் கம்பியைப் பத்து மைல் நீளமாக்கிவிடும். குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்று கம்பெனியில் சொன்னார்கள். ஒருவர் என்றால் யார்? உன் அம்மா எட்டாவது படித்தவள், அந்த வயதிலேயே நாலு பேர் வேலையை ஒற்றையாகச் செய்தவள். ஆபீசில் தண்ணீர் வைக்கும் வேலையோ பெருக்கும் வேலையோ அவளுக்கு நிச்சயம் கொடுத்திருப்பார்கள். ஆனால் சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் நான் பேசினேன். ஆண்பிள்ளை நான் இருக்கும்போது அண்ணியை ஆலைக்கு அனுப்புவதா என்று நெஞ்சைத் தட்டினேன். நான் பேசிய பேச்சில் செத்துப்போன அண்ணனே எழுந்து உட்கார்ந்து கை தட்டியிருப்பான். வேலை எனக்கு வந்தது. என் அண்ணியை ஆலைக்கு அனுப்பக் கூடாது என்று முழங்கிய ஆறாம் மாதம், அதே ஆலையின் கேன்டீனில் கான்ட்ராக்டில் தட்டு கழுவ அவள் வந்தாள். நான் சம்பளத்தில் பாதியைக் கூட வீட்டுக்குத் தராதவனாக இருந்தேன், அதனால் வந்தாள்.

கேன்டீனில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்டாவில் சோறு மீந்துபோகும். யார் கையும் படாத சோறு. தட்டில் மிச்சம் வைத்ததும் அண்டாவில் மீந்ததும் எல்லாம் ஒன்றாக நீல டிரம்மில் கொட்டப்படும், பன்றி வளர்ப்பவர் ஒருவர் வந்து எடுத்துப்போவார். கொட்டுவதற்கு முன்னால் உன் அம்மா அண்டாவிலிருந்து ஒரு தூக்கு டப்பா நிறைய எடுத்து, பையில் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டு வருவாள். அதுதான் நீ சாப்பிட்டது. நன்றாகக் கேட்டுக்கொள், அது எச்சில் இல்லை. எச்சிலை அவள் கழுவினாள், உனக்கு ஊட்டவில்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் நீ அவளைப் பற்றிச் சொன்னது தவறு. அதற்காக உன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும், ஆனால் அடிக்கிற தகுதி எனக்கு இல்லை.

ஒரு நாள் இரண்டு மணி ஷிப்ட் முடிந்து எல்லாரும் கேட்டில் வரிசையில் நிற்கிறோம். கேன்டீன் கான்ட்ராக்டர் புதியவர், எங்கள் குடும்பக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. சாமான் குறைகிறது என்று அன்றைக்குத் தானே வந்து பெண்களின் பையைத் திறந்து பார்த்தார். உன் அம்மாவின் டப்பா வெளியே வந்தது. மூடியைத் திறந்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். எலுமிச்சைச் சோறு, ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. வரிசையைப் பார்த்தாள். நான் மூன்றாவது ஆளாக நின்றேன். அவள் என்னைப் பார்த்ததை அந்த ஆள் பார்த்துவிட்டார். "இன்னாய்யா, இந்தம்மா உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

இரண்டு சொல். என் வாழ்நாளில் மிகைப்படுத்தாமல், தெளிவாக, ஒரு அங்குலமும் நீட்டாமல் நான் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். வேதத்தில் சீடன் மறுதலித்ததும் கூவிய மாதிரி கோழி எதுவும் கூவவில்லை, ஷிப்ட் சைரன் ஓய்ந்து வெகு நேரமாகியிருந்தது. அவள் கையாலேயே அந்தச் சோற்றைப் பன்றி டிரம்மில் கொட்ட வைத்தார். கடைசிப் பருக்கை வரை டப்பாவைத் தட்டச் சொன்னார். அவள் தட்டினாள். வரிசையில் சிரித்தவர்களும் உண்டு. நானும் சிரித்தேன் என்று அந்தச் செக்யூரிட்டி உன்னிடம் சொல்லியிருந்தால், அது உண்மை. உதடு தானாக இழுத்துக்கொண்டது. அட்டையை இயந்திரத்தில் அழுத்திவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய், பொன்னேரிக்கு ரயில் ஏறி, கண்ணில் பட்ட முதல் கடையில் உட்கார்ந்து பிரியாணி தின்றேன். வெட்கத்தில் பசி போகும் என்று சொல்கிறவர்கள் வெட்கப்பட்டதே இல்லை. எனக்கு யானைப் பசி. இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

சாயங்காலம் வீடு திரும்பினேன். குழந்தை பட்டினியாகக் கிடக்கும், அண்ணி முகத்தில் எப்படி விழிப்பது என்று தெருமுனையை இரண்டு முறை சுற்றி வந்தேன். போய்ப் பார்த்தால் நீ வயிறு முட்டத் தின்றுவிட்டு, மீன் முள்ளை வைத்துச் சுவரில் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருக்கிறாய். சட்டியில் கருவாட்டுக் குழம்பும் சோறும். எங்கிருந்து வந்தது? கேட்க முடியாது. கேட்டால் கேட்டில் நான் நின்றது பேச்சில் வரும். நீதான் உன் மழலையில் அம்மாவிடம் கேட்டாய், யார் கொடுத்தது என்று. "கடவுள் குட்த்தாரு, துன்னு" என்றாள். அதற்குப் பிறகும் நாள் தவறாமல் சோறு வந்தது. நான் கேட்கவே இல்லை.

அந்த வருஷத்து நன்றி ஆராதனையில் சாட்சி நேரம் வந்தபோது எழுந்து நின்றேன். ஏதாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. உண்மையைத் தவிர எது வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தேன். சோறில்லாத ஒரு நாள், கதவைத் திறந்தால் வாசலில் சோறு இருந்தது என்று சொன்னேன். சபை அழுதது. அடுத்த வருஷம் அதை வைத்தவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். மூன்றாம் வருஷம் வேட்டி நீள அங்கியானது. ஐந்தாம் வருஷம் தெரு முழுக்க வெளிச்சம், பக்கத்து வீட்டு நாய் முழங்கால் படியிட்டது. பத்தாம் வருஷம் அவர் திரும்பிப் போகும்போது இறக்கைச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் வாயாலேயே செய்து காட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா? முன்வரிசையில் உட்கார்ந்து நீ கை தட்டுவாய். வெளியூர்ச் சபைகளிலிருந்து கார் அனுப்பி அழைத்தார்கள். உன் அம்மா ஒவ்வொரு முறையும் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, முடிவில் "ஆமென்" என்பாள். தட்டு கழுவி வெடித்த கை மடியில் கிடக்கும். அந்த ஆமென் ஒவ்வொன்றும் என் மேல் விழுந்த கசையடி என்று எழுதத் தோன்றுகிறது. பொய். எனக்கு உறைக்கவே இல்லை. நன்றாகத்தான் தூங்கினேன்.

மகனே, இப்போது உனக்குப் புத்திமதி. விசுவாசம் தளரும்போது கடவுள் இதற்கு முன் செய்ததை நினைத்துப் பார் என்று உனக்கு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். (பத்து முறை இருக்கும்.) அது சரியான சொல்தான். நான் நினைத்த விதம்தான் தவறு. நடந்ததை நினைப்பது ஒன்று, நடந்ததற்கு நகை போட்டுப் பார்ப்பது வேறு. உண்மையான சோறு சிறியதாகத் தெரிந்ததால் நான் அதைப் பெரிதாக்கினேன். ஒரு டப்பா சோற்றால் கடவுளின் மானம் போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ, அவருக்கு நான் சட்டை தைத்தேன். அந்தச் சட்டையைத்தான் நீ போன மாதம் கிழித்தாய். உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டாய். கிழித்தது சரி, நினைத்தது சரியில்லை. உன் அப்பா மேல் பாய்ந்த கம்பியை அவர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இருபது வருஷம் மைக் பிடித்தது போதும். அந்த இடத்தில் எந்த இறக்கையையும் ஒட்டமாட்டேன்.

போன ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன். எல்லாரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள், இறக்கைச் சத்தம் வரப்போகிறது என்று. நான் கேட்டில் நின்ற கதையைச் சொன்னேன், வேலையை வாங்கிக்கொண்டதிலிருந்து பிரியாணி வரைக்கும். யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை நோயில் கிடந்தபோது என் தேவதூதனைச் சொல்லித்தான் நான் அவர்களைத் தேற்றினேன். இப்போது அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் நான்தான் சுமக்க வேண்டும். பாதிரியார் தொண்டையைச் செருமி, பாட்டு நம்பர் தேடினார். கீபோர்டுக்காரர் ஒற்றைக் கட்டையை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நான் மூழ்கிய கப்பல் மாதிரி மேடையில் நிற்கிறேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா எழுந்தாள். இருபது வருஷத்தில் ஒரு முறையும் அவள் சாட்சி சொன்னதில்லை. மைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றாள். "அவுரு சொன்னது நெசந்தான்," என்றாள். "ஆனா அவுருக்குப் பாதி தான் தெரியும்."

அவள் சொன்னதை அப்படியே உனக்குத் தருகிறேன், ஒரு பொட்டும் கூட்டாமல். அன்றைக்கு டப்பாவைக் கொட்டியபின் கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரமாக நின்றிருக்கிறாள். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. டிரம்மை மொபெட்டில் கட்டிக்கொண்டு பன்றிக்காரர் வெளியே வந்தார். ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள், அப்போதே அறுபது வயது இருக்கும், பேச்சில் பாதி தெலுங்கு. கிட்டே போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் விலகுகிற ஆள். நிறுத்தி அவளைத் திட்ட ஆரம்பித்தார். என் பன்றிகள் கொழுத்துப்போய் நடக்க முடியாமல் கிடக்கின்றன, அதுங்களுக்கு உன் பிள்ளை சோற்றையும் கொண்டுவந்து கொட்ட வேண்டுமா, வாயில்லையா உனக்கு என்று வசவு. திட்டிக்கொண்டே தன் சாப்பாட்டுத் தூக்கை அவிழ்த்து அவள் காலடியில் வைத்தாராம். "இது என் ஊட்டுச் சோறு. கருவாட்டுக் கொயம்பு. எச்சில் இல்ல. பன்னிக்காரன் சோறுன்னு கூசுனா கீய ஊத்திடு, நாயாச்சும் துன்னும்."

அவள் கூசவில்லை. எடுத்து வந்தாள். மறுநாளிலிருந்து அவர் ஒரு தனி வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்தார். மீந்த சோற்றை எடுத்துப்போக அவருக்குத்தான் அனுமதி உண்டு, யாரும் கேட்க முடியாது. அண்டாச் சோற்றை டிரம்மில் கலப்பதற்கு முன் வாளியில் வாங்கிக்கொண்டு, சாலை திரும்புகிற இடத்தில், வேலை முடிந்து வரும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு நாளும் நல்ல வார்த்தை பேசியதில்லையாம், திட்டுதான். நீ ஏழாவது போகும் வரைக்கும். பிறகு கேன்டீன் கைமாறியது, அவர் வருவது நின்றுவிட்டது. பாதிரியார் மெதுவாக, அவர் பெயர் என்னம்மா என்று கேட்டார். உன் அம்மா அப்போதுதான் அழுதாள். "கேக்கலையே ஐயா. தெலுங்குல அப்பாவ சொல்றாப்புல நைனான்னு தான் கூப்புடுவேன். இத்தினி வருஷம் ஜெபத்துலயும் நைனான்னு தான் சொல்லிக்கினு கீறேன்."

நினைத்துப் பார். பஞ்சத்தில் ஒரு தீர்க்கதரிசிக்குச் சாப்பாடு கொண்டுபோகக் கடவுள் மயிலை அனுப்பவில்லை, காக்கையைத்தான் அனுப்பினார் என்று ஞாயிறு பள்ளியில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். சொல்லிக்கொடுத்துவிட்டு நான் என்ன செய்தேன்? என் அண்ணன் பிள்ளைக்குச் சோறு கொண்டுவந்த மனிதன் யார் என்றே கேட்காமல், அந்த இடத்தில் வாசனையாக ஒருவரை நிறுத்தினேன். ஆகவே உன் கேள்விக்குப் பதில்: நீ பன்றியின் பங்கைத் தின்று வளர்ந்தாய், மகனே. பன்றிக்குப் போக வேண்டியதை மறித்து ஒருவர் உனக்குக் கொடுத்தார். வலிக்கும். வலிக்கட்டும். வலித்த பிறகும் அந்தச் சோறு அங்கேயே இருக்கும். நீ நம்புவதற்கு என் சாட்சியை எடுத்துக்கொள்ளாதே. அந்த வாளியை எடுத்துக்கொள். நாள் தவறாமல் யாரோ அதைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள்.

சபை முடிந்து நடந்து வரும்போது உன் அம்மா எனக்குப் பத்தடி முன்னால் போனாள். ஓடிப் பிடித்து, நான் சொன்னது பொய் என்று தெரிந்தும் ஏன் அண்ணி இத்தனை வருஷம் ஆமென் சொன்னீர்கள் என்று கேட்டேன். நின்றாள். "நீ சொன்ன கதைக்கா சொன்னேன்? சோத்துக்குச் சொன்னேன். பொய்யி உன்னுது. சோறு அவருது." அவ்வளவுதான். என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்டேன். அத்த இப்ப கேக்காத என்றாள். அதற்குப் பிறகு இன்று வரை என்னோடு பேசியது ஒரே ஒரு முறை, அதுவும் உன் கல்யாணத்தைப் பற்றி. அதைத்தான் எழுதி அனுப்பச் சொன்னாள்.

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வருவாள். பாதிரியார் வேண்டாம் என்றால் வேண்டாம். மண்டபத்தில் ஜெபம் வேண்டாம் என்றாலும் சரி, அவள் மனசுக்குள் செய்துகொள்வாள், அதை உன்னால் பிளாக் செய்ய முடியாது. உன்னிடம் அவள் கேட்பது ஒன்றுதான். பந்தியில் முதல் இலை அந்த நைனாவுக்குப் போட வேண்டும். அவருக்குப் போடாமல் உனக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. அவரைத் தேடுகிற வேலை உன்னுடையது. நான் சொன்ன 'தெரியாது'வை இருபது வருஷம் மறக்காத அந்தச் செக்யூரிட்டி, தினமும் கேட்டைத் தாண்டிய மொபெட்டையும் மறந்திருக்க மாட்டார். அவரிடம் கேள். எல்லைப் பக்கத்து ஊர்களில் விசாரி. முதலில் பெயரைக் கேட்டு அம்மாவிடம் சொல்.

எனக்குக் கல்யாணத்தில் என்ன இடம் என்று கேட்டேன். அண்ணன் ஸ்தானத்தில் மேடையில் நிற்பேன், நாலு வார்த்தை பேசுவேன் என்று ஒரு நப்பாசை. "எல எடு" என்றாள். சரி. பொன்னேரியிலிருந்து ஆந்திர எல்லை வரைக்கும் ஆண்டவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி முடியும் வரை எச்சில் இலை எடுப்பேன். மேடைப் பக்கம் தலை வைக்க மாட்டேன், ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். நான் எடுக்கிற முதல் இலை அவருடையதாக இருக்க வேண்டும். அவருக்கு இப்போது எண்பது வயதாவது ஆகியிருக்கும், மகனே. சீக்கிரம் போய்த் தேடு.